துருவப் பனியில் விண்தூசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளின் விஞ்ஞான தினங்களிலும் உயர்தர மாணவருக்கான கருத்தரங்குகளிலும், துருவப் பனியிலிருந்து எடுக்கப்படும் நுண்விண்கற்களைப் பற்றிப் பேசிவருகிறேன். பேச்சு முடிந்ததும் எழும் ஐயங்கள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, விடைகளைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன.

ரீச்சர், நுண்விண்கல் எண்டா என்ன? எரிநட்சத்திரமும் அதுவும் ஒண்டுதானோ?

விண்வெளியிலிருந்து பூமியின் தரையை வந்தடையும் பொருள்களில் ஏறத்தாழ 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த பருமனுள்ளவற்றை நுண்விண்கற்கள் என்கிறோம். ஆய்வாளர்களின் கையில் அகப்படுபவற்றிற் பெரும்பாலானவை அரை மில்லிமீற்றருக்கும் சிறியவை. சிறுகோள்கள் ஒன்றோடொன்று மோதிச் சிதறும்போது பிறக்கும் தூளும், வால்வெள்ளிகள் சூரியனை நெருங்கும்போது உதிர்க்கும் தூசியுமே இவற்றின் பிறப்பிடம்.

எரிநட்சத்திரம் என்று நாம் சொல்வது, ஒரு துகள் வளிமண்டலத்தைக் கிழித்துக்கொண்டு வரும்போது தோன்றும் ஒளிக்கீற்றை. கண்ணுக்குத் தெரியுமளவு ஒளிரும் துகள்கள் பெரும்பாலும் வழியிலேயே தீர்ந்துவிடுகின்றன. நுண்விண்கற்களோ வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒளியோடு வந்து சேருபவை.

அவ்வளவு சின்னத் தூள், வரேக்க எரிஞ்சு போகாதோ?

சிறியதாக இருப்பதே பல துகள்களைக் காப்பாற்றுகிறது. அவை நொடிக்கு 11 முதல் 72 கிலோமீற்றர் வரையான வேகத்தில் வளிமண்டலத்துள் நுழைகின்றன. நிறையோடு ஒப்பிடும்போது சிறிய துகளின் மேற்பரப்பு மிகப் பெரிது என்பதால், காற்று மிக மெலிந்திருக்கும் 80 முதல் 100 கிலோமீற்றர் உயரத்திலேயே அதன் வேகம் அடங்கிவிடுகிறது; உராய்வால் ஏறிய வெப்பத்தையும் அந்த மேற்பரப்பு விரைவாக வெளியே கதிர்த்துவிடுகிறது. சூடேறும் காலம் சில நொடிகளே.

இருந்தும் எல்லாத் துகளுக்கும் ஒரே விதி இல்லை. மெதுவாக, சாய்ந்த கோணத்தில் நுழைந்தவை உருகாமலே வந்து சேருகின்றன. சில பாதி உருகி, உள்ளிருந்த வாயு பொங்கியதால் குமிழி குமிழியாக உறைந்திருக்கின்றன. முழுதாக உருகியவை துளியாகத் திரண்டு உருண்டைகளாகிவிடுகின்றன. ஆய்வாளர்கள் இந்த மூன்று வகையாகவே அவற்றைப் பிரிக்கிறார்கள். முற்றாக ஆவியாகிப் போனவையும் நிறைய உண்டு. அவற்றின் கணக்கு இத்தொகுப்பின் கடைசிக் கேள்வியில் வருகிறது.

அப்ப யாழ்ப்பாணத்திலயும் விழத்தானே வேணும்? பிறகு ஏன் அந்தாட்டிக்கா வரைக்கும் போகினம்?

விழுகிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,200 தொன் நுண்விண்கற்கள் தரையை அடைவதாக 2021 இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,025 சதுர கிலோமீற்றர். எங்கும் சமமாக விழுவதாகக் கொண்டு கணக்கிட்டால், எங்கள் மாவட்டத்துக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 10 கிலோகிராம் வருகிறது. வலிகாமத்துத் தோட்டங்களிலும் தென்மராட்சியின் வயல்களிலும் தீவகத்தின் பனங்கூடல்களிலும் பரவி விழும் மொத்தம் அவ்வளவுதான்.

சிக்கல், அதனோடு சேர்ந்து விழும் மற்றவற்றில் இருக்கிறது. சோளகக் காற்றுக் கிளப்பும் செம்மண், வீதிப் புழுதி, அடுப்புச் சாம்பல், வாகனங்களின் நிறுத்திகள் தேய்ந்து வரும் இரும்புத் தூள், கடலுப்பு, மகரந்தம் என்று ஒரு சதுர மீற்றரில் ஓராண்டில் படியும் தூசியில் விண்ணிலிருந்து வந்த துகள் ஒன்றோ இரண்டோ இருக்கும். அந்தாட்டிக்காவின் நடுப்பகுதியில் மண் இல்லை, மரம் இல்லை, தொழிற்சாலை இல்லை. அங்கே விண்தூசி கூடுதலாக விழுவதில்லை. மற்றத் தூசி ஏறக்குறைய விழுவதேயில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் விடைகளிற் பாதி தாமாகவே விளங்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. அந்தாட்டிக்காவின் நடு மேட்டில் ஆண்டுக்குச் சேரும் பனியை உருக்கினால் 3 சென்ரிமீற்றர் நீர்கூடத் தேறாது. யாழ்ப்பாணத்திலோ ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. பனி மிகச் சிறிதளவே சேருவதால், அதில் விழுந்த தூசி நீர்த்துப்போகாமல் இருக்கிறது.

இதை முதல்ல ஆர் கண்டுபிடிச்சது? நாசாவோ?

இல்லை, நாசா பிறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டறியப்பட்டது. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய பிரித்தானியக் கப்பலான சலஞ்சர், ஆழ்கடற் சேற்றை அள்ளிவந்தது. அதில் காந்தத்தில் ஒட்டிய சிறு உருண்டைகளை ஜோன் மறே விண்ணிலிருந்து வந்தவை என்று அடையாளங் கண்டார். அதே காலப்பகுதியில் சுவீடன் ஆய்வுப்பயணி நோர்டென்ஷெல்ட், கிறீன்லாந்துப் பனியின் மேலே குழிகளிற் படிந்திருந்த கருந்தூளைக் கவனித்தார். ஆழ்கடலும் பனிமேடும் கரையின் மண் எளிதிற் போய்ச் சேராத இடங்கள் என்பதைக் கவனியுங்கள். இந்து சமுத்திரத்தின் நடுவே ஆழத்தில் இருந்து எடுக்கப்பட்ட உருண்டைகளைக் கோவாவில் உள்ள இந்திய தேசிய சமுத்திரவியல் நிறுவனம் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறது.

ஐஸுக்குள்ள இருக்கிற தூளை எப்பிடி வெளிய எடுக்கினம்?

அடிப்படை ஒன்றே: பனியை உருக்கி, நீரை வடித்து, வடியில் நிற்பதைப் பார்ப்பது. எந்தப் பனியை, எவ்வளவு, எதைக்கொண்டு உருக்குவது என்பதிலேதான் வழிமுறைகள் பிரிகின்றன. பிரான்சின் மிஷேல் மொறெற் 1980களில் முதலில் கிறீன்லாந்தின் உருகுநீர்க் குட்டைகளில் தூளைத் திரட்டினார். அங்கே நுண்ணுயிர்களும் காற்றுக் கொண்டுவந்த மண்ணும் கலந்திருந்தன. அதன் பின் அவர் அந்தாட்டிக்காவின் கரையோரத்தில் உள்ள காப் புறுடோம் என்ற இடத்துக்குச் சென்றார். மேலிருந்த பனியைக் காற்று அரித்துவிட, காற்றுக்குமிழிகள் நசுங்கிப்போன பழைய பனிக்கட்டி அங்கே நீல நிறத்தில் வெளித்தெரிகிறது. அந்த நீலப் பனியைச் சுடுநீரால் உருக்கி, நீரைச் சல்லடைகளினூடாக இறைத்தார்கள். 100 தொன் பனிக்கட்டியிலிருந்து எடுத்த துகள்களைப் பற்றிய அறிக்கை 1991 இல் வெளியானது.

இரண்டாவது வழி, கரையிலிருந்து ஏறத்தாழ 1,100 கிலோமீற்றர் உள்ளே, பிரான்சும் இத்தாலியும் சேர்ந்து நடத்தும் கொன்கோர்டியா நிலையத்துக்கு அருகே பின்பற்றப்படுவது. ஜோன் டுப்றா தலைமையிலான குழுவினர் 2000 ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே சில மீற்றர் ஆழமான அகழிகளை வெட்டி, நிலையம் கட்டப்படுவதற்கு முன்னர் விழுந்த பனியை எடுத்துவருகிறார்கள். மேற்படைப் பனியில் நிலையத்தின் புகையும் ஊர்திகளின் தூளும் இருக்கும் என்பதால் அது தொடப்படுவதில்லை. தூய உடை அணிந்து, கையாலேயே வெட்டி, மூடிய கொள்கலன்களில் கொண்டுபோய், உருக்கி, 30 மைக்ரோமீற்றர் வடியினூடாக வடிக்கிறார்கள். உபகரணங்களின் உலோகமும் உடையின் நூலும் எவை என்று முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்திருப்பதால், அவை வடியில் தெரிந்தால் உடனே இனங்காணலாம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்: தங்கள் சொந்த அழுக்கை முதலில் அறிந்துகொண்ட பின்பே மற்றதைத் தேடுகிறார்கள்.

தென்துருவத்தில கிணறு இருக்கெண்டு சொன்னீங்கள். ஐஸுக்குள்ள கிணறு எப்பிடி வரும், பிள்ளை?

ஒரு தாத்தா கேட்டது; கிணற்றையே நம்பி வாழும் எங்களூரில் நியாயமான கேள்வி. எங்கள் கிணறுகளில் சுண்ணக்கல்லினூடாக ஊறிய மழைநீர் நிற்கிறது. தென்துருவத்தில் உள்ள அமெரிக்க நிலையமான அமுண்ட்சென்-ஸ்கொட்டில் ஊற்று என்று ஒன்றில்லை. பனியில் துளையிட்டுச் சுடுநீரைச் செலுத்துவார்கள். ஆழத்தில் பனி உருகிப் பெரிய குடம்போன்ற பொந்தும் அதில் நீரும் உண்டாகும். அந்த நீரைத்தான் மேலே இறைத்துக் குடிநீராகப் பயன்படுத்துகிறார்கள். நாள் செல்லச் செல்ல, உருகும் அடிப்பகுதி இன்னும் ஆழத்துக்கு இறங்குகிறது.

பனி உருகியபோது அதிலிருந்த துகள்கள் எல்லாம் கிணற்றின் அடியில் படிந்துவிட்டன. 1995 இல் சூசன் டெயிலரும் அவருடைய குழுவினரும் உறிஞ்சு கருவி ஒன்றை 100 மீற்றருக்கும் கூடிய ஆழத்துக்கு இறக்கி, அடித்தளத்தைக் கூட்டியெடுத்தார்கள். அப்பனி கி.பி. 1100 முதல் 1500 வரையான காலத்தில் விழுந்தது. நிலையத்தார் குடித்த நீரின் அளவு தெரியும். ஆகவே எவ்வளவு பனி உருகியது என்பதும் தெரியும். இந்தக் கணக்கின் பயன் பின்னால் வரும்.

வடியில மிஞ்சினதெல்லாம் விண்கல்தானோ?

இல்லை. நூல், வண்ணப்பூச்சு, துரு, எரிமலைச் சாம்பல், பாறைத் துணுக்கு எல்லாம் இருக்கும். வடியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, ஈரமான நுண்தூரிகையாலோ ஊசிமுனையாலோ ஐயத்துக்குரிய துகள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கவேண்டும். பல வாரங்களை விழுங்கும் வேலை இது. ஆளின் மூச்சுக் காற்றே துகளைத் தூக்கிக்கொண்டு போகக்கூடும்.

ஒரு உருண்டை வானத்தில இருந்துதான் வந்ததெண்டு எப்பிடி நிச்சயமாச் சொல்லலாம்?

உருண்டையாக இருப்பது சான்றாகாது. உருகிய எந்தத் துளியும் காற்றில் உறைந்தால் போளையைப் போல் உருண்டுவிடும். வெல்டிங் பொறியும், அரைக்கும் இயந்திரத்தின் தீப்பொறியும், கோயில் வாணவேடிக்கையில் சிதறுவதும் கறுத்துப் பளபளக்கும் உருண்டைகளையே உண்டாக்குகின்றன. காந்தத்தில் ஒட்டுவதும் அவ்வாறே: நுண்விண்கல் சூடாகும்போது மக்னற்றைற்று என்ற காந்தக் கனிமம் உருவாவதால் பெரும்பாலானவை ஒட்டும், ஆனால் வெல்டிங் துளியும் ஒட்டும். மறுபுறம், முழுக்கக் கண்ணாடியாகிவிட்ட உண்மையான நுண்விண்கல் ஒன்று ஒட்டாமலும் போகலாம்.

தீர்ப்புச் சொல்வது அலகிடும் இலத்திரன் நுணுக்குக்காட்டி. அதில் முதலில் மேற்பரப்பைப் பார்க்கிறார்கள். சில நொடிகளில் உருகி உறைந்த கல்லில் ஒலிவின் என்னும் கனிமத்தின் பளிங்குகள் இணைகோடுகளாக அடுக்கப்பட்டிருக்கும். இடையில் மக்னற்றைற்று சிறு கிளைகளாகப் படர்ந்திருக்கும். பிறகு துகளைப் பிசினில் பதித்து, பாதியாகத் தேய்த்து மெருகிட்டு, உட்பகுதியின் மூலகங்களை எக்ஸ் கதிர்களால் அளக்கிறார்கள். மகனீசியம், சிலிக்கன், இரும்பு ஆகியவற்றின் விகிதம் கொண்டிரைற்று என்னும் ஆதி விண்கற்களின் விகிதத்தோடு பொருந்தவேண்டும். இரும்பு உருண்டையாயின், நிக்கல் செறிந்த கருவொன்று உள்ளே இருக்கக்கூடும். வெல்டிங் துளியில் மங்கனீசு தெரியும். நிலக்கரிச் சாம்பலில் அலுமினியம் மிகுந்திருக்கும். வாணவேடிக்கைத் துளியில் பேரியம் போன்றவை காட்டிக்கொடுக்கும். கறையில்லா உருக்கில் நிக்கலும் உண்டு என்பதால், நிக்கலை மட்டும் கண்டுவிட்டு மகிழ்ந்துவிடக் கூடாது.

உருகாத துகளில் உருகிய அமைப்பு இராது. அங்கே வெளியோரத்தில் மக்னற்றைற்று மென்தோல், உள்ளே நுண்ணிய பளிங்குகள், மொத்த வேதியமைப்பு ஆகியவற்றைச் சேர்த்தே முடிவெடுக்கிறார்கள்.

விண்கல் எண்டு உறுதியானாப் பிறகு அதில இன்னும் என்ன பாக்கினம்?

முக்கியமானது ஒட்சிசனின் சமதானிகள், அதாவது ஒரே மூலகத்தின் நிறை வேறுபட்ட அணுக்கள். ஒட்சிசன் 16, 17, 18 ஆகியவற்றின் விகிதம் விண்கற் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுவதால், அயன் கற்றையைப் பாய்ச்சி அளக்கும் கருவியான அயன் நுண்சலாகையால் அளந்து, துகள் எந்த வகை மூலப்பொருளிலிருந்து வந்தது என்று நெருங்கலாம். ஆனால் இரும்பு உருண்டைகளில் உள்ள ஒட்சிசன் பூமியின் மேல்வளியிலிருந்து எடுக்கப்பட்டது. அது வந்த இடத்தைச் சொல்லாமல் வந்த வழியைச் சொல்கிறது. இந்தத் தடையையே கருவியாக்கி, அவுஸ்திரேலியாவின் பில்பறாப் பகுதியில் 270 கோடி ஆண்டு பழைமையான பாறையில் கிடைத்த உருண்டைகளைக்கொண்டு அக்கால மேல்வளியில் எவ்வளவு ஒட்சிசன் இருந்தது என்று ஆராய்ந்து 2016 இல் எழுதினார்கள்.

கொன்கோர்டியாப் பனியில் கிடைத்த வேறொரு வகைத் துகளில் பாதிக்கு மேல் கரிமப் பொருளே இருந்தது. அதில் கன ஐதரசனான தியூத்தேரியம் பூமியில் உள்ளதைவிட 10 முதல் 30 மடங்கு வரை செறிந்திருந்ததாக 2010 இல் அறிவிக்கப்பட்டது. அப்படியான செறிவு கடுங்குளிரில் மட்டுமே உண்டாகும் என்பதால், சூரியனுக்கு மிகத் தொலைவில் உருவான வால்வெள்ளிகளே அவற்றின் மூலம் என்று கருதுகிறார்கள்.

எல்லா ஐஸிலயும் ஒரே மாதிரித் துகள்தானே இருக்கும்? எங்க எடுத்தா என்ன?

ஒரே மாதிரி விழுந்தாலும் ஒரே மாதிரித் தங்குவதில்லை. கரையோர நீலப் பனியில் கிடைத்த துகள்களில் சல்பைட்டுக் கனிமங்கள் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தன. கொன்கோர்டியாவின் பனி எக்காலத்திலும் உருகாதது. அங்கே சல்பைட்டும் தொட்டால் நொறுங்கும் கரிமத் துகளும் தப்பியிருக்கின்றன. மாறாக, அந்தாட்டிக்காவை ஊடறுக்கும் மலைத்தொடரின் உச்சிகளில், பாறை வெடிப்புகளுக்குள் பல இலட்சம் ஆண்டுகளாகச் சேர்ந்த துகள்கள் இத்தாலியக் குழுவினருக்குக் கிடைத்தன. அவை வானிலையால் சிதைந்தவைதாம்; ஆனால் அரிதான பெரிய துகள்கள் வேண்டுமானால் அவ்வளவு நீண்ட சேமிப்பு வேறெங்கும் எளிதில் இல்லை.

எங்கட வீட்டுப் பீலியில காந்தம் பிடிச்சா ஒண்டு கிடைக்குமோ?

கிடைக்கக்கூடும். நோர்வேயைச் சேர்ந்த ஜோன் லார்சனும் பிரித்தானிய ஆய்வாளர் சிலரும் ஒஸ்லோ, பாரிஸ், பேர்லின் நகரங்களின் கூரைப் பீலிகளில் திரட்டிய தூளிலிருந்து 500 நுண்விண்கற்களை உறுதிசெய்து 2017 இல் வெளியிட்டார்கள். அதற்கு முன்னர், நகரத்தில் இது நடவாத காரியம் என்றே பலரும் எண்ணியிருந்தனர்.

முயல விரும்பும் மாணவர்கள் மாரி தொடங்க முன்னர், தட்டைக் கூரையின் நீர்போக்கு மூலையில் படிந்த தூளை எடுக்கலாம். கழுவி, உலர்த்தி, அரித்து, பொலித்தீனில் சுற்றிய காந்தத்தால் பிரித்து, நுணுக்குக்காட்டியில் பாருங்கள். ஏணியில் ஏறுவது பெரியவர் ஒருவர் துணையோடு மட்டும். அருகில் வெல்டிங் கடை இருந்தாலோ, திருவிழாவுக்கு வாணம் விடும் கோயில் இருந்தாலோ உருண்டைகள் ஏராளமாகக் கிடைக்கும். அவை எவை என்று முன்னைய விடையிலேயே சொல்லியிருக்கிறேன். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்க்கும்வரை குறிப்பேட்டில் «ஐயத்துக்குரியது» என்றே எழுதுங்கள். பத்திரிகைக்குப் படம் அனுப்ப அவசரப்படவேண்டாம்.

கடற்கரையில கறுப்பு மணல் காந்தத்தில ஒட்டுது. அதுவும் விண்கல்லோ, ரீச்சர்?

இல்லை. இலங்கையின் பழைய பாறைகள் அரிந்து வந்த இல்மனைற்று, மக்னற்றைற்று மணல் அது. புல்மோட்டையில் அதை அகழ்ந்தெடுத்து விற்கிறார்கள்.

வீட்டில வைச்சிருந்தா கதிர்வீச்சு வராதோ?

வராது. விண்வெளியில் இருந்தபோது கொஸ்மிக் கதிர்கள் உண்டாக்கிய பெரிலியம் 10, அலுமினியம் 26 போன்றவை அதில் உண்டு. ஆனால் அவற்றை அளப்பதற்கே மிக நுட்பமான கருவி தேவைப்படுமளவு அவை சொற்பம்.

ரொக்கற் அனுப்பிச் சிறுகோளில இருந்தே மண் கொண்டு வருகினம். இனி ஏன் ஐஸைக் கிண்டவேணும்?

ஜப்பானின் ஹயபுசா 2 விண்கலம் றியூகு என்ற சிறுகோளிலிருந்து 5.4 கிராமை 2020 இலும், அமெரிக்க விண்கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து 121.6 கிராமை 2023 இலும் கொண்டுவந்து சேர்த்தன. அந்த மண்ணின் முகவரி ஐயமின்றித் தெரியும். அது நுண்விண்கல்லுக்கு இல்லாத பெருஞ் சிறப்பு. ஆனால் ஒரு பயணம் தருவது ஒரு பொருளின் மண். பனியில் கிடைப்பது, எந்த விண்கலமும் போகாத எத்தனையோ சிறுகோள்களினதும் வால்வெள்ளிகளினதும் கலவை. ஒன்றின் விடையைக்கொண்டு மற்றதன் புதிரை வாசிக்கிறார்கள். றியூகுவின் கனிமங்களை ஒத்த நுண்விண்கற்கள் எவை என்று இப்போது தேடமுடிகிறது.

பொலன்னறுவையில விழுந்த கல்லுக்குள்ள உயிர் இருந்ததெண்டு பேப்பரில வந்ததே. இதுகளுக்குள்ளயும் இருக்குமோ?

2012 டிசம்பர் 29 அன்று பொலன்னறுவைப் பகுதியில் தீக்கோளம் தெரிந்ததையடுத்து எடுக்கப்பட்ட கற்களில் தயற்றம் என்னும் நுண்பாசிகளின் புதைபடிவங்கள் இருப்பதாக வானியலாளர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவருடன் சேர்ந்தவர்களும் அறிவித்தார்கள். விண்கல் ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் சுட்டிக்காட்டியவை இரண்டு: காட்டப்பட்ட தயற்றங்கள் பூமியின் நன்னீரில் வாழும் இனங்கள், அந்தக் கல் விண்கல் என்பதே நிறுவப்படவில்லை, மின்னல் தாக்கி உருகிய மண்ணாகவும் இருக்கலாம். முதலிற் கல் எது என்று தெரியவேண்டும், அதன் பிறகே அதற்குள் இருப்பதைப் பற்றிப் பேசலாம்.

கல் எது என்பது ஐயமற்றதாக இருந்தாலும் எச்சரிக்கை தேவை. மேலே சொன்ன றியூகுத் துணுக்கு ஒன்றில் இழைபோன்ற நுண்ணுயிர்களைக் கண்டதாக 2024 இல் ஓர் ஆய்வு வெளியானது. நாளடைவில் அவற்றின் எண்ணிக்கை கூடிக் குறைந்ததைக் கவனித்த ஆய்வாளர்கள், அவை ஆய்வுக்கூடத்தில் தொற்றிய பூமியின் உயிர்களே என்று தாங்களே முடிவுகட்டினார்கள். நுண்விண்கற்களில் கரிமச் சேர்மங்கள் உண்டு, உயிர் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஒரு இடத்தில 5,200 தொன், இன்னொரு இடத்தில 40,000 தொன் எண்டு இருக்கு. எது சரி?

இரண்டும் வெவ்வேறு இடத்தில் எடுத்த அளவுகள். 1984 முதல் 1990 வரை பூமியைச் சுற்றிய ஒரு செய்மதியின் தகடுகளில் விழுந்த நுண்குழிகளை எண்ணி, வளிமண்டலத்தின் மேல் எல்லைக்கு ஆண்டுதோறும் 40,000 தொன் வருகிறது, அது 20,000 தொன் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று லவ், பிறவுண்லீ என்னும் ஆய்வாளர்கள் 1993 இல் கணித்தார்கள். 5,200 தொன் என்பது கொன்கோர்டியாப் பனியைக்கொண்டு தரையில் அளந்தது. அதில் 1,600 தொன் உருகாதவை, 3,600 தொன் உருண்டைகள். தென்துருவக் கிணற்றிலிருந்து கிடைத்த 2,700 தொன் என்ற எண்ணும் உண்டு. அது உருண்டைகளை மட்டும், அதுவும் 50 முதல் 700 மைக்ரோமீற்றர் வரையானவற்றை மட்டும் எண்ணியது. அதன் வழு எல்லை 1,400 தொன். ஆகவே தரையில் எடுத்த இரு எண்களும் முரண்படவில்லை.

கணக்கிடும் முறையும் அறிய வேண்டியது. உருக்கிய நீரின் நிறையை, ஒரு சதுர மீற்றரில் ஓராண்டில் சேரும் பனியின் நிறையால் வகுத்தால், எத்தனை சதுர மீற்றரில் எத்தனை ஆண்டு விழுந்த தூசியைத் திரட்டியிருக்கிறோம் என்று தெரியும். துகள்களின் மொத்த நிறையை அதனால் வகுத்துப் பூமியின் பரப்பால் பெருக்கவேண்டும். நீலப் பனியில் இதைச் செய்யமுடியாது; அது நகர்ந்தும் அரிந்தும் வந்த பனி, எத்தனை ஆண்டின் சேர்வு என்று சொல்லமுடியாது.

மேலே வந்ததற்கும் கீழே கிடைத்ததற்கும் இடைப்பட்ட பங்கிற் பெரும்பகுதி, இரண்டாம் விடையில் சொன்னபடி வழியில் ஆவியானது. அது மறைந்துவிடுவதில்லை. ஏறத்தாழ 90 கிலோமீற்றர் உயரத்தில் சோடியமும் இரும்பும் கொண்ட மெல்லிய படைகளாக நிற்பதைத் தரையிலிருந்து லேசர் ஒளிகொண்டு அளக்கிறார்கள். பின்னர் அது நனோமீற்றர் அளவிலான புகையாகத் திரண்டு மெல்ல இறங்கித் துருவப் பனியிலும் படிகிறது. 30 மைக்ரோமீற்றர் வடியில் அது நிற்காது. ஆகவே வடித்தெடுக்க முயலாமல், கிறீன்லாந்தின் ஆழ்பனியை உருக்கி, பூமியின் மேலோட்டில் மிக அரிதான இரிடியத்தின் அளவைக்கொண்டு அந்தப் பங்கை மதிப்பிட்டிருக்கிறார்கள்.